அப்பாவின் பெயரில் நான் போட்ட கையெழுத்து

அறைக்குள் யாரும் இல்லை. சுருட்டிய பாய் சுவரோரம் சாய்ந்து நின்றது. கொடியில் அப்பா வேலைக்குப் போட்டுப்போகிற நீலச் சட்டை தொங்கியது. நீளமான ஒரு நோட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நான் அந்தச் சட்டைக்குக் கீழே நின்றிருந்தேன். நோட்டில் நூல் போட்டுக் கட்டியிருந்த பென்சில் ஆடி ஆடி என் முழங்காலில் இடித்தது.

வாசலில் ரயில்வே ஷெட்டின் கால்மேன் முனுசாமி காத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்தாராம்மா அப்பா?" என்று ஒரு தடவை குரல் கொடுத்தார்.

தூங்குகிற ஆள் எழுந்தால் அறைக்குள் ஏதாவது சத்தம் கேட்க வேண்டுமே என்று பாயைக் காலால் தள்ளினேன். அது தொப்பென்று சாய்ந்து தரையில் விரிந்தது.

அப்பா வீட்டில் இல்லை. இல்லை என்று சொல்ல எனக்குப் பயம்.

ரயில்வே காலனியில் வளர்ந்தவள், இன்ஜின் ஷெட்டைப் பற்றி இந்தத் தொடரில் இத்தனை வாரத்தில் ஒரு வரிகூட எழுதவில்லையே என்று அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது இந்த அறைதான். அதனால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

கால் புக்

அப்போது தாம்பரத்தில் நீராவி இன்ஜின்கள் இருந்தன. பீச் ஸ்டேஷனுக்குப் போகிற வண்டி எலெக்ட்ரிக் ஆகி ரொம்ப நாள் ஆகியிருந்தாலும், கல் ஏற்றுகிற வண்டி, கூட்ஸ் வண்டி, பெட்டிகளைத் தள்ளுகிற வேலை எல்லாம் கரி இன்ஜின்தான். அந்த இன்ஜின்களில் வேலை செய்கிறவர்களுக்கு இத்தனை மணிக்கு வேலை என்று கிடையாது. வண்டி எப்போது புறப்படுகிறதோ அப்போது போக வேண்டும்.

காலனியில் யார் வீட்டிலும் போன் இல்லை. ஷெட்டிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து கூப்பிடுவார். அப்படிக் கூப்பிடுவதுதான் கால், கூப்பிடுகிறவர் கால்மேன். அவர் கொண்டுவரும் நோட்டு, கால் புக். எந்த வண்டி, யார் டிரைவர், எத்தனை மணிக்கு ஷெட்டில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். எதிரில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால் இரண்டு மணி நேரத்தில் ஷெட்டில் நிற்க வேண்டும். ஆள் வீட்டில் இல்லாவிட்டால் முனுசாமி அந்த இடத்தில் 'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்ஜின்காரர்கள் கண்ட நேரத்தில் தூங்குகிறவர்கள். அதனால் கால்மேன் எந்த வீட்டுக்குள்ளும் வர மாட்டார். வீட்டுப் பெண்கள் புத்தகத்தை உள்ளே வாங்கிக்கொண்டு போய், தூங்குகிறவரை எழுப்பிக் கையெழுத்து வாங்கி வந்து கொடுப்பார்கள். அது காலனி வழக்கம். எங்கள் வீட்டில் அம்மா செய்வார்.

அன்று அம்மா இல்லை. பம்மலில் சித்திக்குப் பிரசவம் என்று தம்பியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். எனக்கு அரைப் பரீட்சை. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "குரோம்பேட்ட வரைக்கும் போய்ட்டு அஞ்சு மணிக்குள்ள வந்துர்றேன். இன்னிக்கு ஆறுக்கு முன்னாடி கால் வராது. எவனாவது வந்து கேட்டா அப்பா தூங்கறாருன்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கால் மூன்றேகாலுக்கே வந்துவிட்டது. வேறு ஒருவருக்குத் திடீரென்று காய்ச்சலாம்.

"அப்பா கீறாரா?" என்றார் முனுசாமி.

"தூங்கறாரு."

"எழுப்பும்மா. கல் வண்டி. அஞ்சேகாலுக்கு ஷெட்ல இருக்கணும்."

புத்தகம் என் கைக்கு வந்துவிட்டது. நான் உள்ளே போனேன்.

'ஆள் இல்லை'

எங்கள் வீட்டில் அந்த இரண்டு வார்த்தைக்குப் பெரிய பயம் இருந்தது. அதற்கு முந்தின மாதம் ஒரு தடவை அப்பா பெயருக்கு எதிரில் அப்படி எழுதிவிட்டார்கள். ஷெட்டிலிருந்து ஒரு காகிதம் வந்தது. அன்று அடுப்பங்கரையில் அம்மா சத்தம் போட்டது எனக்கு இன்னும் கேட்கிறது.

"எங்கய்யா போற? சொல்லிட்டுப் போயேன். இன்னொரு தபா ஆளில்லன்னு எழுதிக்கினு போனான்னா வேல போயிடும். அப்பால பம்மல்ல தோல் ஷாப்புல போய் நில்லு."

"கம்முனு இரு. வேலையெல்லாம் போவாது."

"குடிக்கப் போறியா? அதையாச்சும் சொல்லு."

அப்பா குடிக்கிறவர் இல்லை. ஆனாலும் அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தட்டில் சோற்றை விரலால் தேடித் தேடி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர்கள் கோபத்தில் பேசுவதைப் பிள்ளைகள் அப்படியே நம்பிவிடுகிறோம். இன்னொரு தடவை எழுதினால் வேலை போய்விடும், பம்மல் போய்விடுவோம், ஊறப்போட்ட தோலின் வாடையில் படுத்துத் தூங்க வேண்டும் என்று நான் முழுசாக நம்பினேன்.

அதனால் கால் புக்கின் முந்தின பக்கத்தைத் திருப்பினேன். அப்பாவின் கையெழுத்து இருந்தது. 'கோ. ஏழுமலை'. கடைசி எழுத்தின் வால் மட்டும் கோட்டைத் தாண்டி நீண்டிருக்கும். பென்சில் முனையை நாக்கில் தொட்டு நனைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் போட்டேன். வாலைக்கூட நீட்டினேன்.

முனுசாமி புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். தலையாட்டினார். சைக்கிள் போய்விட்டது. நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஷெட்டைப் பற்றி எனக்கிருந்த பயங்கள்

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஷெட் எங்கள் காலனியிலிருந்து தண்டவாளங்களைத் தாண்டி அந்தப் பக்கம் இருந்தது. பார்க்கப் போகாவிட்டாலும் அது வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். காயப்போட்ட துணியில் கரித்தூள். குடத்துத் தண்ணீரின் மேல் மெல்லிசாகக் கறுப்பு. இருமினால் சளியிலும் கறுப்பு.

சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மாவோடு ஒரு தடவை உள்ளே போயிருக்கிறேன். சும்மா நின்றிருந்த ஒரு இன்ஜின், ஒரு சொல்லும் சொல்லாமல், தலையிலிருந்து ஆவியைச் சீறி விட்டது. காதே போய்விட்டது என்று நினைத்தேன். அம்மாவின் புடவையை நனைத்துவிட்டேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது.

அதைவிடப் பெரிய பயம் சாம்பல் குழி. இன்ஜினின் வயிற்றிலிருந்து எரிந்த கரியை அதில்தான் தள்ளுவார்கள். மேலே பார்த்தால் ஆறிப்போன விபூதி மாதிரி இருக்கும். உள்ளே கனல். அதைத் தரை என்று நினைத்து ஒரு ஆட்டுக்குட்டி இறங்கிவிட்டது என்று காலனிப் பிள்ளைகள் சொல்வார்கள். ஆடு கத்தியதை ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி கத்திக் காட்டுவார்கள். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

எரியாமல் மிச்சம் இருக்கும் கரியைப் பொறுக்க அந்தக் குழி ஓரத்துக்குப் பெண்பிள்ளைகள் கூடையோடு போவார்கள். நான் போனதே இல்லை. "ஏழுமலை பொண்ணு இன்ஜின பாத்தாலே ஒண்ணுக்கு வுட்டுடும்" என்று சொல்வார்கள். உண்மைதான்.

மருந்து ஊற்றிய கண்

அப்பா ஐந்துக்குக் கால் மணி இருக்கும்போது வந்தார். வந்த விதமே வேறாக இருந்தது. ஒரு கையை நெற்றியில் வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் காம்பவுண்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"கால் வந்துச்சுப்பா."

அவர் அப்படியே நின்றார். "எப்போ?"

"மூணேகாலுக்கு. அஞ்சேகாலுக்கு வரச் சொன்னாரு."

"ஆளில்லன்னு எழுதிக்கினு பூட்டானா?"

"இல்லப்பா. கையெழுத்து போட்டாச்சு."

"யாரு போட்டது?"

"நான்."

அடிப்பார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஆளில்லன்னு எழுதியிருந்தா நல்லாருந்துருக்கும்மா" என்றார். "ஒரு காயிதம் வந்துருக்கும். அவ்ளோதான்."

இத்தனை வருஷம் கழித்து, போன மாதம் எனக்குக் கண்புரை என்று ஊரப்பாக்கத்தில் டாக்டர், அன்று குரோம்பேட்டையில் அப்பாவுக்கு ஊற்றிய அதே மருந்தைக் கண்ணில் ஊற்றினார். கருவிழியை விரியவைக்கும் மருந்து. வெளியே வந்து ஜி.எஸ்.டி. சாலையில் நின்றேன். எல்லாம் ஒரே வெள்ளை. பஸ் வருவது தெரிகிறது, எந்த பஸ் என்று தெரியவில்லை. எதிரில் நிற்கிற ஆளுக்கு முகம் இல்லை. இந்தக் கண்ணோடா அப்பா அன்று ஷெட்டுக்குப் போனார் என்று நினைத்து, அங்கேயே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று எனக்கு அது தெரியாது. "கண்ணுல மருந்து ஊத்திக்கீறாங்க. கொஞ்ச நேரத்துல செரியாயிடும்" என்று மட்டும் சொன்னார். மணி என்ன என்று என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். நீலச் சட்டையின் பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அவர் ஃபயர்மேன். அடுப்பில் கரி போடுவது மட்டும் அவர் வேலை இல்லை. இன்ஜினில் டிரைவர் ஒரு பக்கம் நிற்பார், ஃபயர்மேன் மறுபக்கம். தண்டவாளம் ஃபயர்மேன் பக்கமாக வளைந்தால், நீளமான இன்ஜின் மறைத்துக்கொண்டு டிரைவருக்குக் கைகாட்டி சிக்னல் தெரியாது. அப்போது ஃபயர்மேன்தான் எட்டிப் பார்த்து, கை இறங்கி வழி விட்டிருக்கிறதா, நிமிர்ந்து நிற்கச் சொல்கிறதா என்று சொல்ல வேண்டும். அவர் சொல்வதை நம்பித்தான் வண்டி போகும்.

தெருமுனைக் குழாயில் அப்பா இடித்துக்கொண்டதை ஜன்னலில் பார்த்தேன். குழாயைத் தடவி, சுற்றிக்கொண்டு போனார். தண்டவாளங்களை எப்படித் தாண்டுவார் என்று தெரியவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பின்னாலேயே போனேன். யாரிடமும் எதையும் சொல்வதற்காக இல்லை. அவர் தாண்டுகிறாரா என்று பார்ப்பதற்கு மட்டும்தான்.

அவர் தாண்டிவிட்டார். காலுக்குப் பழக்கமான வழி. அதோடு நான் திரும்பியிருக்கலாம். ஆனால் ஷெட் வாசலில் அவர் வலது பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் சாம்பல் குழி.

பத்தடி தூரம்

குழி ஓரத்தில் நான் எப்படி நடந்தேன் என்று தெரியாது. உள்ளங்காலில் சூடு ஏறியதும், அழுகின முட்டை மாதிரி ஒரு வாடை அடித்ததும் ஞாபகம் இருக்கிறது. யாரோ "ஏ பொண்ணு" என்று கத்தினார்கள். நான் அப்பாவின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன்.

ஒரு இன்ஜின் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. அப்பா கைப்பிடியைப் பிடித்து மேலே ஏறிவிட்டார். கீழே, டிரைவர் சவரிமுத்து சக்கரங்களுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரர். கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கேக் கொடுத்தனுப்புகிறவர்.

நான் பத்தடி தள்ளி நின்றுவிட்டேன். அதற்கு மேல் கால் போகவில்லை. அப்பா மேலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். நேராக என் முகத்தைத்தான் பார்த்தார்.

"யாரும்மா அது? இங்கெல்லாம் வரக்கூடாது. குழி கீது, போ போ."

சவரிமுத்து நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தார். அவர் விளையாடுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும்.

"யாருன்னு பாருய்யா ஏழுமல."

"எவளோ கரி பொறுக்க வந்த பொண்ணுண்ணா."

சவரிமுத்துவின் சிரிப்பு நின்றது. "நல்லா பாரு" என்றார்.

அப்பா கையை நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அப்பா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குரலை வைத்துக் கண்டுபிடித்திருப்பார். விளையாட்டாகப் போயிருக்கும். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. இன்றைக்கும் நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு அப்படித்தான்.

"தெரியலண்ணா" என்றார் அப்பா.

"உம் பொண்ணுய்யா அது. மல்லிகா."

அப்பா கைப்பிடியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எறங்கு" என்றார் சவரிமுத்து.

"மருந்து ஊத்திக்கீறாங்கண்ணா, அதான். இன்னும் அரை மணில செரியாயிடும்."

"எறங்குடா."

அப்பா இறங்கினார். கடைசிப் படியைக் காலால் தேடினார்.

"எதுக்கு மருந்து ஊத்துனான்?"

அப்பா சட்டைப் பொத்தானைத் தடவினார்.

"எத்தினி நாளா?"

"ஆறு மாசம் இருக்கும். மசமசன்னு தெரியும். ரெண்டு தபா குரோம்பேட்டைல காட்னேன். கண்ணாடி போட்டாலும் வராதுன்றான். ஆஃபீஸ்ல சொன்னா வண்டிய வுட்டு எறக்கிடுவாங்கண்ணா."

"ஆறு மாசமா எங்கூட வண்டி ஏறிகினு கீற. வளைவுல கைகாட்டி எறங்கிகீதுன்னு சொன்னியே, அதெல்லாம் இன்னா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் கைகாட்டி எப்பவும் எறங்கிதாண்ணா இருக்கும்."

சவரிமுத்து எண்ணெய்க் குவளையைக் கீழே வைத்தார். பக்கத்துத் தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். பெரிய ஆள் அவர். பஞ்சுக் கழிவை எடுத்துக் கையைத் துடைத்தார், துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அன்றுவரை ஷெட்டுக்குப் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனுக்கு நாலு புள்ளைங்கடா" என்றார்.

"அண்ணா."

"பேசாத. இன்னிக்கு வயித்து வலின்னு எழுதித் தரேன். நாளைக்குக் காலைல நீயா போய் ரயில்வே ஆஸ்பத்திரில கண்ண காட்டு. நீ போவலன்னா நான் போவேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாக ஏதாவது சொல்வார் என்று பின்னால் நகர்ந்தேன்.

"இட்டுகினு போம்மா" என்றார். "குழி பக்கமா வேணாம். இப்டி சுத்திகினு போ."

அதற்குப் பிறகு

அப்பா மறுநாள் போனார். கண் பரீட்சையில் தேறவில்லை. இன்ஜினிலிருந்து இறக்கி, தண்ணீர் ஏற்றும் பம்ப் ரூமில் போட்டார்கள். அம்மா முதலில் அழுதார். குடிக்கவில்லை என்று தெரிந்ததில் ஒரு பக்கம் நிம்மதியும் அவருக்கு இருந்தது. கால்மேன் எங்கள் வாசலில் நிற்பது நின்றுபோனது. முனுசாமி தெருவில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. கொஞ்ச வருஷத்தில் நீராவி இன்ஜின்களும் போய்விட்டன.

நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்காவிட்டால் அன்று அப்பா ஷெட்டுக்குப் போயிருக்க மாட்டார். கண்ணில் மருந்தின் வேகம் தணிந்திருக்கும். அடுத்த வாரம் அவர் மறுபடி வண்டி ஏறி, வளைவில் எட்டிப் பார்த்து, இறங்கித்தான் இருக்கும் என்று சொல்லியிருப்பார். எவ்வளவு நாளைக்கு அது இறங்கியே இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் போய்விடும்.

ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியதை நான் சொல்ல வேண்டும்.

அப்பா என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தார். அவர் கை கனமாக இருந்தது. தண்டவாளங்களிடம் வந்ததும் நின்றார். கரி வண்டி என்றால் அரை மைலுக்கு முன்னாலேயே கேட்கும். எலெக்ட்ரிக் வண்டி பக்கத்தில் வருகிறவரை சத்தம் காட்டாது.

"வண்டி வருதா பாரு" என்றார்.

ஒரு பக்கம் பார்த்தேன். பல்லாவரம் பக்கம் காலியாக இருந்தது. மறுபக்கம் வண்டலூர்ப் பக்கம். சூரியன் சரியாகத் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டு கம்பிகளும் உருகி ஓடுவது போல மினுங்கின. அந்த வெளிச்சத்துக்குள் கறுப்பாக ஒன்று இருந்தது. வண்டியா, கம்பமா, ஆளா என்று சொல்ல முடியவில்லை.

"வருதாம்மா?"

அந்த நேரத்தில் அங்கே வண்டி வராது என்பது எனக்குத் தெரியும். காலனிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். வரலப்பா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியலப்பா" என்றேன்.

"அப்போ நில்லு" என்றார்.

நின்றோம். அந்தக் கறுப்பு அசையவே இல்லை. இருந்தாலும் வெயில் இறங்கி, கண் கூசுவது நின்று, அது ஒரு வெறும் கம்பம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறவரை நான் அடியெடுத்து வைக்கவில்லை. அப்பாவும் என்னை அவசரப்படுத்தவில்லை.